இடுப்பு எலும்பில் ஒரு துளை

என் கழுத்தில் கட்டி வந்தபோது வீட்டில் எல்லோரும் முதலில் பார்த்தது என் காலைத்தான். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். காலில் முள் குத்திப் பழுத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். கையில் புண் வந்தால் அக்குளில் கட்டும். நெறி கட்டியிருக்கிறது என்றால் உடம்பில் எங்கோ ஒரு காயம் இருக்கிறது, அதை ஆற்றிவிட்டால் நெறி தானாக இறங்கிவிடும் என்பது செந்துறைச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும். எங்களுக்கு வினையே அதனால்தான் வந்தது.

நான் போர் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரியில் நின்று, நீள இரும்பு ராடை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிப் பாறையைக் குடைகிற வேலை. அந்த வேலை செய்கிறவன் உடம்பில் காயம் தேடினால் கிடைக்காமல் போகுமா? உள்ளங்காலில் வெடிப்பு, முழங்கையில் சிராய்ப்பு, நசுங்கிக் கறுத்த கட்டைவிரல் நகம் என்று என் மனைவி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து மஞ்சள் அரைத்துப் போட்டாள். ஒரு காயம் ஆறியதும் கழுத்தைத் தடவிப் பார்ப்பாள். கட்டி அப்படியே இருக்கும். உடனே அடுத்த காயத்தைத் தேடுவாள். சொத்தைப் பல் இருக்கிறதா என்று ஒரு நாள் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தாள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி இருக்கிறதே என்றேன்.

"மாடா இருந்தா இந்நேரம் வித்திருப்பேன். வாயத் தொறங்க" என்றாள்.

கட்டி வலிக்கவே இல்லை. வலிக்காத கட்டியை யார் மதிக்கிறார்கள்? அக்குளில் இன்னொன்று வந்தது. காலையில் எழுந்தால் பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. ராடைத் தள்ளிப் பொருத்தும்போது மூச்சு வாங்கியது. இடுப்பில் கால்சட்டை நிற்கவில்லை. வெயில் என்றேன், வயசாகிறது என்றேன், ஹோட்டல் சாப்பாடு என்றேன். என்னிடம் பதிலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

கடைசியில் அவள்தான் என்னை அரியலூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே டாக்டர் கழுத்தைத் தொட்டார், அக்குளைத் தொட்டார், வயிற்றில் இடதுபக்கம் அமுக்கிப் பார்த்தார். அதுவரை கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று பேச்சைக் குறைத்துக்கொண்டார். பெரம்பலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே கழுத்துக் கட்டியை அறுத்து எடுத்துப் பரிசோதித்துவிட்டு, லிம்போமா என்றார்கள். நாங்கள் நெறி என்று சொல்கிற அந்த நிணநீர் முடிச்சுகளிலேயே உண்டாகிற புற்றுநோய். காயம் வேறெங்கும் இல்லை. இத்தனை நாள் உடம்பு முழுக்கத் தேடிய காயம் அந்த நெறியேதான்.

கேன்சர் என்று கேட்டதும் நான் இடிந்துபோய்விடவில்லை. வீம்புக்குச் சொல்லவில்லை. கட்டி என்றால் வெட்டி எடுக்கலாம், மருந்து கொடுக்கலாம் என்று மனது ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டது. பயம் வந்தது அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்ன அடுத்த பேச்சில். சின்ன வயசுக்காரர், திருச்சிப் பக்கத்துப் பேச்சு.

"அடுத்தது எலும்பு மஜ்ஜைக்குப் போயிருக்கான்னு பாக்கணுங்க. இடுப்பு எலும்புலேர்ந்து கொஞ்சம் எடுத்துப் பாப்போம்."

எலும்பு. அந்தச் சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

என் அண்ணன் சிமெண்ட் லாரி ஓட்டியவர். சில வருஷங்களுக்கு முன்னால் அவருக்கு நுரையீரலில் கேன்சர் வந்தது. மருந்து, மாத்திரை, ஆஸ்பத்திரி என்று ஓடிக்கொண்டிருந்தோம். அவரும் தைரியமாகத்தான் இருந்தார். ஒரு நாள், எலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை எழுதக் கை வரவில்லை. இருமினால் விலா எலும்பு விரிசல் விட்டுப்போகும். பாயில் புரட்டிப் போடுவதற்கு நானும் அண்ணியும் சேர்ந்து தூக்குவோம். அந்தத் தெருவே கேட்கிற மாதிரி கத்துவார். லாரி ஓட்டுகிற மனிதர், பெரிய உடம்பு. என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஏதாவது பண்ணுடா, எதையாவது குடுத்து முடிச்சு வுட்டுடுடா" என்று கெஞ்சினார். என்னால் என்ன செய்ய முடியும்? விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவரை எடுத்த அன்றே எனக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டேன். நாளைக்கு எனக்கு இந்த மாதிரி வந்து, எலும்புக்குப் போய்விட்டது என்று சொன்னால், ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ள மாட்டேன். எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடமும் சொல்லவில்லை. அந்த முடிவு இப்போது எனக்கு முன்னால் வந்து நின்றது.

பரிசோதனைக்கு என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தொட்டால் சுருண்டுகொள்கிற மரவட்டை மாதிரி கிடந்தேன். டாக்டரம்மா என் பின்னிடுப்பில் கட்டைவிரலை வைத்து எலும்பின் மேட்டைத் தேடினார். மரத்துப்போக ஊசி போட்டார். "அமுக்கற மாதிரி இருக்கும், அசையாம இருங்க" என்றார்.

நான் பயந்து பயந்து உன்னிப்பாகக் கவனித்தேன். தொழில்புத்தி அப்படி. மேல்மண்ணைத் தாண்டி இரும்பு பாறையைத் தொடும்போது வண்டியின் அதிர்வு மாறும், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் காலில் தெரியும். அந்த மாற்றம் என் இடுப்பில் தெரிந்தது. சதை முடிந்து எலும்பு ஆரம்பித்துவிட்டது. டாக்டரம்மா தடித்த ஊசியை இப்படியும் அப்படியும் திருகித் திருகி உள்ளே இறக்கினார். எத்தனையோ ஊர்களில் நிலத்தைக் குடைந்திருக்கிறேன். குடையப்படுகிற பக்கம் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பிறகு உள்ளேயிருந்து உறிஞ்சினார்கள். அதற்கு மரத்துப்போகிற ஊசி எடுபடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இடுப்பிலிருந்து கால் விரல்வரைக்கும் உள்ளுக்குள் ஒரு நரம்பைப் பிடித்துச் சுண்டி இழுத்த மாதிரி ஒரு வலி. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் எனக்கு அண்ணனின் குரல் கேட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

கடைசியில் ஒரு துண்டு எலும்பை எடுத்துச் சின்னப் புட்டியில் போட்டார்கள். எட்டிப் பார்த்தேன். ஒடித்துப் போட்ட தீக்குச்சி அளவுகூட இல்லை. நான் பிழைப்பேனா மாட்டேனா என்பதை இத்தனூண்டு துண்டு சொல்லப் போகிறதே என்று உடம்பு நடுங்கியது. "குளிருதாங்க?" என்று நர்ஸ் கேட்டார். ஆமாம் என்றேன்.

பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டில் இருந்தேன். வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள், போகிற தெம்பும் இல்லை. சும்மா இருப்பது பயத்துக்குத் தீனி போடுவது மாதிரி. முழங்கால் வலித்தால் எலும்பில் வந்துவிட்டது என்பேன். முதுகு பிடித்தால் எலும்பு. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது, அதுவும் எலும்பு. கட்டிலில் முழங்கையை இடித்துக்கொண்டால் உடைந்துவிட்டதா என்று அரைமணி நேரம் மடக்கி நீட்டிப் பார்ப்பேன். ஆனால் வெளியே வாயே திறக்கவில்லை. மனைவி ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தேன்.

என் மச்சினன் அரியலூர் கறிக்கடையிலிருந்து நல்லி எலும்பாகப் பொறுக்கி வாங்கி வந்தான். "எலும்புல கோளாறுன்னா எலும்பு சூப்புதான் மாமா மருந்து" என்றான். அவன் மேல் தப்பில்லை, எங்கள் ஊரில் ரத்தம் ஊறுவதற்கு அதைத்தான் கொடுப்பார்கள். நானும் நல்லி எலும்பு என்றால் தட்டில் தட்டித் தட்டி உறிஞ்சுகிற ஆள்தான். அன்றைக்கும் பழக்கதோஷத்தில் தட்டினேன். உள்ளேயிருந்து கொழகொழவென்று அது தட்டில் விழுந்தது. என் இடுப்புக்குள்ளும் இதுதானே இருக்கிறது, இதற்குள்தானே அது போய் உட்கார்ந்திருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறார்கள் என்று தோன்றியது. வாயைக் கொப்பளிக்க ஓடினேன். மச்சினன் மசாலா தூக்கலாகிவிட்டதோ என்று அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மனைவி கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு ஒரு மூட்டை மக்காச்சோளம் நேர்ந்துகொண்டாள். விவசாயம் செய்கிறவர்கள் விளைந்ததைக் கொண்டுபோய்க் கொடுக்கிற கோயில் அது. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து எங்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது, அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்த குடும்பம்.

"யாரு காட்டுச் சோளத்த குடுப்ப?" என்று கேட்டேன்.

"அத பெருமாளு கேக்கட்டும். நீங்க சும்மா கெடங்க" என்றாள்.

முடிவு சொல்லக் கூப்பிட்ட அன்று டாக்டரம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த நாற்காலி நகர்ந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மஜ்ஜையிலயும் இருக்குங்க" என்றார். "அப்படி இருந்தா நாலாவது ஸ்டேஜ்னு சொல்லுவோம். ஆனா அதுக்காக..."

"போதுங்க மேடம்" என்று எழுந்துவிட்டேன். "எங்களுக்கு மருந்து வேணாம். நாங்க வூட்டுக்குப் போறோம்."

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கையில் மஞ்சள் பை. அதை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். ஏன் என்று கேட்டார். அண்ணன் கதையையும், ஈறில் ரத்தம் வந்ததையும் துண்டு துண்டாகச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"உங்க அண்ணனுக்கு வந்தது வேறங்க. அது எங்கயோ ஆரம்பிச்சு எலும்பையே அரிச்சிருக்கு. உங்களுக்கு எலும்புக்குள்ள, ரத்தம் ஊறுற எடத்துல இருக்கு. இந்த அணுக்கள் மொதமொதல்ல உருவாகறதே மஜ்ஜையிலதான். பொண்ணு பொறந்த வூட்டுக்குப் போற மாதிரி, அதுங்களுக்கு வழி தெரியும். நெறியிலேர்ந்து ரத்தத்தோட போயி அங்க எறங்கிடும். எறங்கினது சும்மா இருக்காது, நல்ல ரத்தம் ஊறவிடாம எடத்த அடைச்சுக்கும். உங்களுக்கு மூச்சு வாங்குறது, ஈறுல ரத்தம் வர்றதெல்லாம் அதனாலதான். ஆனா நாங்க குடுக்கற மருந்தும் அதே ரத்தத்துலதாங்க போவும். அது எறங்குன எடத்துக்கெல்லாம் இதுவும் எறங்கும். நாலாவது ஸ்டேஜ்லயும் மருந்துக்குக் கட்டுப்படற நோய் இது."

"நல்லாயிடுமா?" என் மனைவி அன்றைக்குப் பேசிய முதல் வார்த்தை.

"சத்தியம் பண்ணமாட்டேங்க. நிறைய பேருக்குக் கேக்குது. சில பேருக்குக் கேக்கறதில்ல. குடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

அவர் சொன்னதெல்லாம் புரிந்தது. ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. ரத்தம் ஊறுகிற இடத்திலேயே அது உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் இறங்கியது. ஊற்றுக்கண்ணிலேயே விஷம் கலந்துவிட்ட பிறகு மேலே எதைக் கழுவி என்ன என்று தோன்றியது. வருகிறோம் என்று கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். மனைவி பின்னால் வந்தாள்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரைக்கும் பஸ்ஸில் அவள் ஜன்னல் சீட்டை எனக்கே விட்டுவிட்டாள். வழக்கமாக அதற்குச் சண்டை பிடிப்பவள். எதிரே சிமெண்ட் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஒவ்வொரு லாரியிலும் அண்ணன் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. நான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் செந்துறை வண்டி கிளம்பத் தயாராக நின்றது. நான் ஏறப் போனேன். அவள் ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வண்டி போய்விட்டது.

"எப்ப முடிவு பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"அண்ணன எடுத்த அன்னிக்கே."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"சொல்லி என்னா ஆவப்போவுது? மூத்தாரு பட்டத நீயும்தான பாத்த. அந்த மாதிரி உன்னயும் உக்கார வச்சு என்னால கத்த முடியாது."

அவள் எதிரே பூ விற்கிற பெண் பக்கம் பார்வையைத் திருப்பினாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். நான் எதிர்பார்க்காத கேள்வி.

"நீங்க போர் போடப் போற எடத்துல எவ்ளோ ஆழம் போயும் வெறும் புகையா வந்தா, நீங்களாவே ராடை உருவிட்டு வந்துருவீங்களா?"

"அதெப்படி? நிலத்துக்காரரு சொல்லணும்."

எங்கள் தொழிலில் அது எழுதாத சட்டம். தண்ணீர் இல்லாமல் பாறைப் புழுதி மட்டும் புகையாக வெளியே வந்துகொண்டிருந்தாலும், நிறுத்து என்று சொல்ல வேண்டியவர் நிலத்துக்காரர்தான். தேறாது போலிருக்கிறதுங்க என்று நாங்கள் சொல்லலாம். ராடில் கை வைக்கக் கூடாது. எத்தனையோ பேர் தலையில் கை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் போங்கண்ணே என்று கெஞ்சியிருக்கிறார்கள். போயிருக்கிறோம். பல தடவை கடைசிவரைக்கும் புகைதான். அதையும் வீட்டுக்கு வந்து அவளிடம்தான் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறேன்.

"அப்ப இதுக்கு நிலத்துக்காரி யாரு?" என்றாள். அவள் குரல் ஏறிவிட்டது. "ஆக்கிப் போட்டு, துணி தொவைச்சு, காயம் காயமா தேடி மருந்து போட்டவ நானு. நிறுத்துன்னு நான் சொன்னேனா? ராடை உருவ நீ யாரு?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை நீ என்று சொன்னதில்லை. பூ விற்கிற பெண் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் இருந்தவர் எழுந்து தள்ளிப் போய் நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

"தண்ணி வரலன்னா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"வரும்னு நான் சொல்லலயே. நிறுத்தமாட்டேன்னுதான் சொல்றேன்."

நாங்கள் அடுத்த செந்துறை வண்டியிலும் ஏறவில்லை. அங்கேயே டீ வாங்கிக் குடித்தோம். அவள் டாக்டரம்மா கொடுத்த நம்பருக்கு என் போனிலிருந்து பேசினாள். "அவரு பயந்துட்டாருங்க. நாளைக்கு அழைச்சுகிட்டு வரேன்" என்றாள். எனக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை. பேச ஆசையும் இல்லை.

மறுநாள் பெரம்பலூரில் ஜன்னலோரம் ஒரு கட்டில் கொடுத்தார்கள். சில சோதனைகள் முடிந்து மருந்து ஏற்ற ஆரம்பித்தபோது மதியமாகிவிட்டது. நர்ஸ் கையில் ஊசியைக் குத்தி, குழாயைத் திருகிவிட்டுப் போனார். முதல் சொட்டு விழுந்தது. அது குழாய் வழியாக என் கைக்குள் இறங்குவதைப் பார்த்தேன். உள்ளே போய்விட்டது. இனி நான் நினைத்தாலும் வெளியே எடுக்க முடியாது. இது எலும்புவரைக்கும் போகுமா, போய்ச் சேர்வதற்குள் அந்த நோய் வேறு எங்கேயாவது இறங்கிவிடுமா, எல்லாம் முடிந்து மறுபடி இடுப்பைக் குடைந்து பார்க்கும்போது என்ன சொல்வார்கள் என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளங்கை வேர்த்தது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு பயமா இருக்கு" என்றேன்.

கேலி செய்வாள் என்று நினைத்தேன். பழத்தை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அவள் உதடு கோணிக்கொண்டது.

"எனக்கும்தாங்க" என்றாள். "மொத நாள்லேர்ந்து பயமாத்தான் இருக்கு. யாருகிட்ட போயி சொல்றது? நீங்கதான் பேசவே மாட்டேன்னுட்டீங்களே."

ஊசி குத்தாத என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் வேர்த்திருந்தது. முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் அப்படிக் கத்தியவளின் கைதான். விடாமல் பிடித்துக்கொண்டேன். மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தோம்.